மலையிறக்கமும் காதுவலியும்

சென்ற வாரம் கடுஞ்சளியோடு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இறங்கினேன். பர்லியாறு தாண்டியதும் அடைத்துக்கொண்ட இடது காது, கல்லாறு வருவதற்குள் ஊசியால் குத்துவதுபோல் வலிக்கத் தொடங்கியது. ஊட்டியில் குடித்துவிட்டு இறுக மூடிவைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டில் (நீலகிரியில் தடை செய்யப்பட்ட பொருள்தான், ஒப்புக்கொள்கிறேன்) மடியில் ஒட்டிய கன்னம்போல் குழிந்து கிடந்தது. என் செவிப்பறைக்கும் அதுவேதான் நேர்ந்திருந்தது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குள். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது, நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் வழியே காற்று உள்ளே சென்று அதை ஈடுகட்ட வேண்டும். மலையேறும்போது உள்ளிருக்கும் காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதோ, விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் அந்தக் குழாய் திறக்கும், சளியால் வீங்கியிருந்தால் அதுவும் நடக்காது. விமானத்துக்குள் பராமரிக்கப்படும் அழுத்தமும் ஏறத்தாழ ஊட்டியின் அளவுதான் என்பதால், தரையிறங்கும்போது குழந்தைகள் வீறிட்டு அழுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். அந்நேரத்தில் பால் புகட்டினால் விழுங்கும்போது குழாய் திறந்துகொள்ளும்.

பறை உள்நோக்கி இழுபட்டுச் சிவந்திருக்கிறதே தவிரக் கிழியவில்லை என்றார் மருத்துவர். வலி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு முழு பலத்தோடு ஊதியதாகச் சொன்னபோதுதான் கடிந்துகொண்டார்.