மீட்டர் 16 காட்டியது, சி.ஆர்.ஓ. மீதியைக் காட்டியது

காட்பாடியில் மைக் செட், இன்வர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆடி பிறந்தால் வேலூர் பக்கம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கடையில் ஆம்ப்ளிஃபயர்கள் குவியும். பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "உர்ர்னு இரையுதுண்ணா." மீட்டர் வைத்தால் வோல்டேஜ் சரியாகவே இருக்கும். அதற்காகத்தான் இந்த வருஷம் வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. ஒன்றை வாங்கினேன்.

முதல் நாள் ராத்திரி 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தேன். கோடு மேலே துள்ளி, உடனே நடுவுக்கே திரும்பிவிட்டது. பழுதான பெட்டியை வாங்கிவிட்டோமோ என்று வயிறு கலங்கியது. மறுநாள் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் வந்து பார்த்தார். "கப்ளிங் ஏசில கீதுப்பா. உள்ள ஒரு கெப்பாசிட்டர் டிசிய நிறுத்திடுது. மொதல்ல கிரவுண்டுல போட்டு கோட்ட நடுவுல வை. அப்புறம் டிசிக்கு மாத்து."

அப்படியே செய்தேன். திரையில் ஒரு கட்டத்துக்கு 5 வோல்ட். கோடு மேலேறி இரண்டரைக் கட்டத்தில் நின்றது: 12.5. அளக்கும் ஒயரான புரோபைத் திருப்பிப் பிடித்தால் அதே அளவு கீழே. பூஜ்யக் கோட்டை முதலில் வைக்காமல் எதை அளந்தாலும் பயனில்லை என்பது அன்று கைக்குப் பழகியது. புரோபில் இருக்கும் 10 எக்ஸ் பொத்தானையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது மாறியிருந்தால் திரையில் பத்தில் ஒரு பங்குதான் தெரியும்.

அடுத்து ஏசி. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினேன். முதலில் அலை ஓடிக்கொண்டே இருந்தது. அலையை ஒரே இடத்தில் நிறுத்தும் டிரிகர் லெவல் குமிழைத் திருப்பியதும் நின்றது. டைம் குமிழ் 5 மில்லிசெகண்டில் இருந்ததால் ஓர் அலைக்கு நான்கு கட்டம். 20 மில்லிசெகண்ட், அதாவது 50 ஹெர்ட்ஸ். உச்சியிலிருந்து அடிவரை ஏழரைக் கட்டம், 37.5 வோல்ட். பாதி 18.75, மீட்டர் காட்டும் அளவுக்கு மாற்ற அதை 1.414-ஆல் வகுத்தால் 13.26. மீட்டரும் 13.2 காட்டியது, லோடு இல்லாததால் 12-க்கு மேல். இத்தனை வருஷம் 12 என்று நினைத்த இடத்தில் உண்மையில் 18 வோல்ட் ஏறி இறங்கியிருக்கிறது! 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் ஏன் வெடிக்கிறது என்று கண்ணால் பார்த்தேன்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டுக் கரண்ட் 230-ஐ நேரடியாகப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அதன் உச்சி 325 வோல்ட். புரோபின் கிளிப் பெட்டிக்குள் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அது ஃபேஸில் பட்டால் நேர் ஷார்ட். சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெட்டியின் உடம்பிலேயே கரண்ட் ஏறி நிற்கும். எனக்கு அதைக் கேட்டாலே பதறுகிறது.

பிறகு இரையும் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தேன். சப்ளையில் மீட்டர் 16 வோல்ட் சொச்சம் காட்டியது. சி.ஆர்.ஓ.வில் முன்பு என்னைக் குழப்பிய அதே ஏசி கப்ளிங்கைப் போட்டேன். டிசி விலகியது, கட்டத்துக்கு 1 வோல்ட் வைத்ததும் ரம்பப் பல் மாதிரி மூன்று கட்ட உயரத்துக்கு ரிப்பிள், அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம். ஒரு பல்லுக்கு இரண்டு கட்டம், 10 மில்லிசெகண்ட், 100 ஹெர்ட்ஸ், லைனின் 50-க்கு இரண்டு மடங்கு. ஏசியை டிசியாக்கும் டையோடு ஒன்று போயிருந்தால் ஒரு பல்லுக்கு 20 மில்லிசெகண்ட் வந்திருக்கும். ஆக டையோடுகள் நல்லவை; ரிப்பிளை அடக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் வற்றிவிட்டது. வெயிலில் பந்தலடியில் பல வருஷம் ஓடிய செட் அது.

4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் புதிது மாட்டினேன். ரம்பம் ஐந்தில் ஒரு கட்டத்துக்கு அடங்கியது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன், இரைச்சல் இல்லை. கழற்றிய கெப்பாசிட்டரைத் திருப்பிப் பார்த்தபோது அதன் தலை லேசாக உப்பியிருந்தது.