கொள்ளுத்தாத்தாவின் பதினோரு ஆல்பங்கள்

என் கொள்ளுத்தாத்தா பொதுவாழ்வில் பேர் வாங்கியவர். நினைவு மலருக்கு, கண்காட்சிக்கு என்று அவர் படத்தை யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் ஆல்பத்திலிருந்து கழற்றிக் கொடுத்தே பழகிவிட்டோம். கொடுத்ததில் பாதி திரும்பி வரவில்லை. பதினோரு ஆல்பங்களையும் அத்தை என் பொறுப்பில் விட்ட பிறகுதான் எதையெல்லாம் தொலைத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

எல்லாப் படங்களையும் எடுத்து ஆண்டுவாரியாக அடுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தடுத்தார். "எந்தப் படத்துக்குப் பக்கத்துல எந்தப் படம் இருக்குங்கறதும் ஒரு தகவல்தாம்மா. கலைச்சுட்டா திரும்பக் கிடைக்காது" என்றார். அதனால் எதையும் தொடுவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்தேன். ஆல்பம், பக்கம், படம் என்று மூன்று எண் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் கொடுத்தேன்.

மிகப் பழைய ஆல்பங்கள்தான் நன்றாக இருந்தன. கறுப்புத் தாள், நாலு மூலைக்கும் ஒட்டு முக்கோணம், அடியில் வெள்ளை மையில் கொள்ளுப்பாட்டியின் கையெழுத்து. இருண்ட பகுதிகளில் மட்டும் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி மினுமினுப்பு. படத்திலுள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் வருவது அது. துடைக்கக் கூடாது.

நிலைமை மோசமாக இருந்தது 1970, 80களில் வாங்கிய ஆல்பங்களில். பசை பூசிய அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். பசை பழுப்பேறிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினால் படம் மடிந்து உடையும். பல் இடுக்கில் விடும் நூலை ஓர் ஓரத்தில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, அறுப்பதுபோல முன்னும் பின்னுமாக நகர்த்தினேன். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம். நூல் மறுபக்கம் வெளியே வரும்வரை மூச்சுவிடக்கூடப் பயம். அசையவே அசையாத நாலு படங்களை அப்படியே விட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்தேன்.

ஸ்கேன் 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி; தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக. தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1200. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். மூலப்படங்கள் அமிலமில்லாத தாளில், பாலியெஸ்டர் உறையில். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம்; அதுவே படத்தைக் கெடுக்கும். ஒரு டப்பா நெகட்டிவ் வினிகர் வாடை அடித்தது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கினால் வரும் வாடை அது. மற்றவற்றுக்கும் பரவாமல் இருக்க உடனே தனியே எடுத்து வைத்தேன்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். அதிக நாள் பிடித்தது பெயர் கண்டுபிடிக்கும் வேலைதான். கொள்ளுத்தாத்தா இருக்கும் படங்கள் போதுமே என்று உறவினர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முகம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இந்த ஆல்பத்தை விட்டால் வேறு இடமில்லை. படங்களைப் பெரிதாக அச்செடுத்து அத்தையிடம் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்தேன். அத்தைக்கு 83 வயது. பல பேரை முகத்தை வைத்து அல்ல, நிற்கும் விதத்தை வைத்துக் கண்டுபிடித்தார். எல்லாக் கூட்டப் படங்களிலும் ஓரமாக நிற்கும் ஒரு பெண்ணை நான் வேலைக்காரி என்றே நினைத்திருந்தேன். "இவளா? தாத்தாவுக்குக் கண் மங்கினப்புறம் அவர் கடிதமெல்லாம் இவ கையெழுத்துதான்" என்றார் அத்தை. அந்தப் பெண்ணின் பெயரைப் பதினேழு படங்களில் சேர்த்தேன்.

நாலாவது ஆல்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் படம் இல்லை. நாலு முக்கோணம் மட்டும் ஒட்டியிருக்கிறது. அடியில் வெள்ளை மையில் ஆறு பெயர்கள், இடமிருந்து வலமாக. எந்த மலருக்குப் போனதோ. அந்தக் காலி இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் மடியில் குழந்தை, யார் சிரித்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதை அப்படியே அந்த எண்ணுக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறேன்.