கத்திப் பிடி: ரப்பரா, மைக்கார்ட்டாவா?

வேலைக்கென்று ஒரு கத்தியை வாங்கும்போது எல்லோரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறோம். எஃகு எது, கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்று விசாரிக்கிறோம். ஆனால் வேலை முடியும்வரை உள்ளங்கையில் இருப்பது பிடிதான். மரம் செதுக்குவதிலும் கயிறு அறுப்பதிலும் தோல் வெட்டுவதிலும் இரண்டு வகைப் பிடிகளையும் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு எனக்கு ஓர் உறுதியான எண்ணம் ஏற்பட்டிருக்கிறது. ரப்பர் பிடி கையில் எடுத்த உடனேயே பிடித்துப்போய்விடுகிறது. மைக்கார்ட்டா போன்ற கெட்டியான பிடியின் அருமையோ மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரிகிறது.

ரப்பர் பிடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் மரத்துப் பாலில் செய்த ரப்பர் அன்று. சூடாக்கினால் இளகி அச்சுக்குள் ஓடி, ஆறியதும் ரப்பரைப் போல அமுங்கி மீளும் செயற்கைப் பொருள் அது. கிராட்டன், சான்டோபிரீன் என்ற வணிகப் பெயர்களில் பலர் அதை அறிந்திருப்பார்கள். மைக்கார்ட்டா என்பது துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து, அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிய பலகை. 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அதை மின்காப்புப் பொருளாகக் கொண்டுவந்தது. கத்திக்கு அது பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. ஜி-10 ஏறக்குறைய அதே முறையில் கண்ணாடி இழைத் துணியையும் எப்பாக்ஸி பிசினையும் கொண்டு செய்யப்படுவது.

கை ஈரமாக இருக்கும்போதும் குளிர் கடுமையாக இருக்கும்போதும் ரப்பருக்கு இணையில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். அலகின் வாலை, அதாவது பிடிக்குள் நீளும் எஃகுப் பகுதியை, முழுவதுமாக மூடி வார்த்த பிடியில் எஃகு எங்கும் தோலில் படாது. ஆகவே உறைபனியிலும் விரல் விறைப்பது குறையும். ஓங்கி வெட்டும்போது கைக்கு வரும் அதிர்வையும் அது ஓரளவு வாங்கிக்கொள்கிறது. இடுக்கில்லாமல் ஒரே வார்ப்பாக இருப்பதால் கழுவுவதும் எளிது; இறைச்சியும் மீனும் அறுப்பவர்கள் இத்தகைய பிடியை விரும்புவதில் வியப்பில்லை.

சிக்கல் நீண்ட வேலையில் தொடங்குகிறது. ரப்பர் தோலை விடாமல் பற்றுகிறது என்பதே அதன் சிறப்பு, அதுவே அதன் குறையும் கூட. செதுக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் பிடி உள்ளங்கையில் சற்றே திரும்ப வேண்டும். ரப்பரோ திரும்பாமல் தோலையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு முறை மரக்கரண்டி ஒன்றைச் செதுக்கி முடிப்பதற்குள் என் கட்டைவிரலின் அடியில் கொப்புளம் எழும்பிவிட்டது. அதே வேலையை மைக்கார்ட்டா பிடியோடு அடுத்த வாரம் செய்தபோது கை சிவக்கக்கூட இல்லை. மேலும், கணு உள்ள இடத்தில் அலகைத் திருகினால் மென்மையான பிடி அதற்குள்ளேயே சிறிது முறுக்கிக்கொள்கிறது. அலகின் நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கை உணர்வது ஒரு கணம் பிந்துகிறது. நுணுக்கமான வேலையில் அந்த ஒரு கணம் முக்கியம். எல்லாவற்றையும்விட, அமுங்கும் மென்மை பிடியின் வடிவக் குறையை மறைத்துவிடுகிறது. கெட்டியான பிடியில் வடிவம் சரியில்லை என்றால் பத்து நிமிடத்தில் கை சொல்லிவிடும்.

ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த ரப்பர் பிடிக் கத்தி ஒன்று, இயந்திர எண்ணெய் கசிந்த கருவிப் பெட்டியில் சில மாதங்கள் கிடந்துவிட்டது. எடுத்தபோது பிடி உப்பி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பிசுக்குப் போகவில்லை, மாறாகத் தூசியும் நூலும் அதில் அப்பிக்கொண்டன. வேறு வழியின்றி அதை நீளவாக்கில் கீறி உரித்தேன். உள்ளே அலகின் வால் முழுவதும் செந்துரு, இடையிடையே சிறு குழிகள். பிடிக்கும் எஃகுக்கும் நடுவில் எப்போதோ புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அதில் ஒரு சுவடும் தெரியவில்லை. பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய்களும் கரைப்பான்களும் இவ்வகை ரப்பர்கள் பலவற்றை இளக்கும் என்பதை அதன் பிறகுதான் கவனத்தில் கொண்டேன்.

கெட்டியான பிடிகளுக்குள் என் தேர்வு துணி மைக்கார்ட்டா. மெருகேற்றாமல் விட்டால் அதன் மேற்பரப்பில் நூலிழைகள் மெல்லத் தலைகாட்டும். ஈரம் பட்டால் அவை சற்றே எழும்பி, வழுக்குவதற்குப் பதில் கூடுதலாகப் பிடிப்புக் கொடுக்கும். ஜி-10 அதைவிட உறுதியானது, நீரையும் மிகக் குறைவாகவே ஏற்கும். ஆனால் வழவழப்பாக இழைத்தால் ஈரத்தில் நழுவுகிறது, சொரசொரப்பாக விட்டால் கையை அராவுகிறது.

உரித்த அந்தக் கத்திக்கே இப்போது மைக்கார்ட்டா பிடி போட்டிருக்கிறேன். துருவைச் சுரண்டி, இரண்டு பலகைகளையும் எப்பாக்ஸி வைத்து ஒட்டி, பித்தளை ஆணி அடித்து, அரத்தால் உருவம் கொடுத்தேன். அராவ அராவ, துணியின் அடுக்குகள் வளைவுகளில் மரத்தின் ரேகைகளைப் போல வரிவரியாகத் தெரியத் தொடங்கின. இந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, கண்ணாடி இழை கலந்த ஜி-10 தூசு தோலையும் அரிக்கும். ஆகவே முகமூடி அணிந்து, நீர் தெளித்தே உப்புத்தாள் போட வேண்டும். நான் 220ஆம் எண் தாளோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு நாள் செதுக்கிப் பார்த்ததில் சுண்டுவிரல் அழுந்தும் இடம் மட்டும் சற்றுப் பருமனாகப் பட்டது. அங்கே இன்னும் அரை மில்லிமீட்டர் இழைத்துவிட்டேன்.