மாடிப்படிக்குக் கீழே ஒரு தள்ளுவண்டி

வீடு கட்டித் தரும் அரசு நிறுவனம் ஒன்றில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், கான்கிரீட்டின் தரமும் குடிநீர் இணைப்பும் சரியாக இருந்தால் என் கடமை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். வட சென்னையில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒதுக்கீட்டு நாளில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. பிளாஸ்டிக் குடத்தில் போட்டிருந்த சீட்டுகளை ஒரு சிறுமி எடுத்துக் கொடுக்க, அலுவலர் எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடி கிடைத்த அம்மா ஒருவர், தெருமுனையில் இட்லிக் கடை போடுபவர், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். “வூடு நல்லாத்தான் இருக்குது சார். வண்டிய எங்க வுடுறது?” வரைபடத்தில் இருசக்கர வாகனங்களுக்கு இடம் இருந்தது, தள்ளுவண்டிக்கு இல்லை. மாடிப்படிக்குக் கீழே, மின்மீட்டர் பெட்டிகளை ஒட்டி, சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தார். அடுத்த வாரம் அதை அகற்றச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்தான்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டித் தருவதே முதன்மையான நோக்கமாக இருந்தது. பின்னாளில் நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, 2000-இல் தொடங்கிய கண்ணகி நகர், அதன் பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வீடுகள் தெற்கே தள்ளிப் போயின. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் விடியற்காலையில் நகருக்குள் வரவேண்டிய பெண்களுக்கு அந்தத் தொலைவு பேருந்துக் கட்டணத்தோடு முடிவதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தையும் அது தின்றுவிடுகிறது.

1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கி, அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகிய இடங்களில் நிறைவேறிய மனைத் திட்டங்களை நான் மிகவும் மதிக்கிறேன். சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு சிறு மனைகளைக் கொடுத்துவிட்டு, வீட்டைக் கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ள விட்டார்கள். பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, சிறிய மனைகளின் செலவை ஈடுகட்டினார்கள். நிலத்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, லாபம் பாராமல் இப்படிப் பங்கிட்டுக் கொடுப்பதைத் தனியார் செய்யமாட்டார்கள். பொது நிறுவனம் இருக்கவேண்டியது இதற்காகத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பல ஆண்டுகள் கழித்து, பழைய குடியிருப்பு ஒன்றை இடித்து அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்யும் பணி என்னிடம் வந்தது. வரைபடம் போடும் முன்பே வீடு வீடாகச் சென்று தொழிலைக் கேட்டு எழுதிக்கொண்டேன். தரைத்தளத்தில் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கியதை ‘வீணாகும் பரப்பு’ என்று மேலிடத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்; மூன்றாம் முறை ஒப்புதல் கிடைத்தது. ஆறு வண்டிகளுக்கு மட்டுமே இடம் பெற முடிந்தது. என் குறிப்பேட்டில் வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பதினொன்று.