கண்ணாடி போன கதையும் ஒற்றியூர்ப் புற்றும்

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மாலை நான்கு மணிக்கே திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கிவிட்டேன். அதற்குள் கோயில் வரிசை வெளியே வந்திருந்தது. இங்கே மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர், இந்தப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகுத் தைலம் பூசிக்கொண்டு காட்சி தருவார். தண்டையார்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதை நான் தவறவிட்டது ஒரே ஒரு தடவைதான். போன வருடம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தேன்.

அங்கே கிளம்பும்போதே ஒரு உறுத்தல். சுந்தரர் கதை நடந்த ஊர் அல்லவா இது! சங்கிலியாரை மணக்க, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேரம் பேசினார். சிவன் சும்மா இருப்பாரா? மரத்தடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியார் தரப்புக்குச் சொல்லிவிட்டார். பிறகு சுந்தரர் திருவாரூர் நினைப்பில் ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின. எனக்குக் கண் போகவில்லை, கண்ணாடிதான் போனது. சிங்கப்பூரில் பஸ்ஸில் கழற்றி மடியில் வைத்தேன், அப்படியே இறங்கிவிட்டேன்.

இறங்கிய இடம் வாட்டர்லூ தெருப் பக்கம். 1870-இல் தொடங்கிய கிருஷ்ணன் கோயில் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயில். அங்கே கும்பிட்டவர்கள் அப்படியே நகர்ந்து வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி காட்டுகிறார்கள். எதிர்பாராமல் பார்த்தால் கண் கலங்கிவிடும். எனக்கோ எல்லாமே மங்கல். திரும்பிப் போகப் பஸ் நம்பர் தெரியவில்லை. என் வயதுச் சீன அம்மா ஒருத்தி, கையில் இருந்த வத்தியை ஏற்றி முடித்துவிட்டு, மகள் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என் முழங்கையைப் பிடித்து நிறுத்தத்துக்கு நடத்திப் போய், பஸ் வரும்வரை விடவே இல்லை. கண் போன சுந்தரருக்கு வெண்பாக்கத்தில் சிவன் ஊன்றுகோல் கொடுத்ததுதான் ஞாபகம் வந்தது.

சரி, வரிசைக்கு வருகிறேன். எனக்கு முன்னால் ஒரு வடநாட்டுப் பையன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். உள்ளே என்ன என்று கையாலேயே கேட்டான். எனக்கு இந்தி வராது. இரண்டு கையையும் குவித்துப் புற்று மாதிரிக் காட்டினேன். அவன் உடனே உள்ளங்கையைக் குழித்துப் பாம்பு மாதிரிப் படமெடுத்துக் காட்டினான். இல்லை என்று தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டேன். வாசுகி என்ற நாகம் இங்கே ஐக்கியமானதால் சுவாமிக்குப் படம்பக்கநாதர் என்றே ஒரு பெயர் உண்டு. பையன் சொன்னதில் தப்பில்லை.

அருகில் போனபோது தைல வாசனைதான் முதலில் வந்தது. விளக்கொளியில் கரிய புற்று, எண்ணெய் மினுமினுப்பு. நகருங்க, நகருங்க என்றார்கள். என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே மறந்துபோனது. வடிவுடையம்மனிடம் போய்த்தான் பேத்தியின் ஜுரம் நினைவுக்கு வந்தது. மகிழ மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்தேன், முழங்காலுக்காக.

வெளியே அந்தப் பையன் கூட்டத்துக்கு நடுவில் போனைப் பார்த்தபடி நின்றான். மணலி, மணலி என்றான். விடுவேனா! முழங்கையைப் பிடித்து ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். தம்பிக்கு ஊர் புதுசு, பார்த்து இறக்கிவிடப்பா என்று டிரைவரிடம் சொன்னேன்.

டிரைவர் சிரித்தார். “இன்னாம்மா, இவனையா? டெய்லி நம்ம வண்டிலதான் வரான். நீ பாத்து வூட்டுக்குப் போ.”