அரியரைத் தூக்கிவிட்ட மூன்று குளியல்கள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.ஏ. ஆங்கிலத்தில் தொழிலாளர் இலக்கியப் பேப்பர், முதல் முறை 38, இப்போது 71. இன்னும் நம்ப முடியாமல் மார்க்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து இதே பேப்பரை எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் எழுதியது வெறும் கதைச் சுருக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோலாவின் நிலக்கரிச் சுரங்க நாவல் 'ஜெர்மினல்' மட்டும் ஐந்து பக்கம்: வேலைநிறுத்தம், ராணுவம் சுட்டது, சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. போதாததற்கு நாயகன் எத்தியெனைப் பரம்பரைச் சுரங்கத் தொழிலாளி என்று எழுதித் தொலைத்தேன். அவன் ரயில்வே மெக்கானிக். மேலதிகாரியை அறைந்து வேலை போய், பிழைப்புத் தேடி மோன்சூ என்ற சுரங்க ஊருக்கு வந்தவன். கைடை மட்டும் நம்பினால் இப்படித்தான்.

அரியருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, அப்பா லாரிப் பட்டறையிலிருந்து வந்து மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்துவிட்டு, முதுகு தேய்க்க அம்மாவைக் கூப்பிட்டார். அப்போதுதான் உறைத்தது, நான் படிக்கும் மூன்று பேரும் குளியலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஜோலா (1885): சமையலறைத் தொட்டியில் வீட்டில் ஒவ்வொருவராகக் குளிக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளி மாயூவின் முதுகை மனைவி தேய்க்கிறாள், அது அப்படியே அந்தரங்கமாகிறது.

லாரன்ஸ், 'ஓடர் ஆஃப் கிரிசாந்திமம்ஸ்' சிறுகதை (1911): சுரங்கத்தில் மூச்சுத் திணறிச் செத்தவனின் உடலை மனைவியும் தாயும் கழுவுகிறார்கள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று மனைவி எலிசபெத்துக்கு அப்போதுதான் புரிகிறது. இதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுங்கள். லாரன்ஸின் அப்பாவும் ஈஸ்ட்வுட்டில் நிலக்கரி வெட்டியவர், அதனால் இது வெளியாள் பார்வை இல்லை.

ஆர்வெல், சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதிய 'தி ரோட் டு விகன் பியர்' (1937): பலருக்குக் குளிக்கவே வசதி இல்லை, வாரத்தில் ஆறு நாள் இடுப்புக்குக் கீழே கரிதான். சுரங்க வாசலில் குளியலறை கட்டிக்கொடுத்த இடங்களில் அநேகமாக எல்லோரும் குளித்தார்கள். அழுக்குக்குத் தொழிலாளியைக் குறை சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

பெண்கள், வர்க்கம், உடல் என்று எதைக் கேட்டாலும் தண்ணீர் காய்ச்சியது யார் என்று ஆரம்பித்துவிடலாம்.

அப்புறம் சில:
- 'ஜெர்மினல்' நாவலில் வரும் சுரங்கக் குதிரை 'பத்தாய்' வேண்டாம். எல்லோரும் எழுதுவார்கள்.
- ஆர்வெல் புத்தகத்தின் இரண்டாம் பாதியை, சோஷலிஸ்டுகளையே விமர்சிக்கும் பகுதியை, விடாதீர்கள். பதிப்பாளர் கோலான்ஸே அதில் தனக்கு உடன்பாடில்லை என்று முன்னுரை எழுதினார், அது ஒன்றே நல்ல பாயின்ட்.
- லாரன்ஸை முதலில் எழுதுங்கள், கை வலிப்பதற்குள்.

கார்க்கியின் 'தாய்' வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். சாய்ஸில் விட்டுவிட்டேன்.