ஜேன் எப்ரெல் செய்த வேலை

வடக்கு வேல்ஸில் ரெக்ஸம் நகரை ஒட்டி எர்டிக் மாளிகை இருக்கிறது. 1680-களில் கட்டியது. அங்கே பராமரிப்புப் பணியில் இருந்த நாட்களில் நான் அடிக்கடி நின்று பார்த்தது ஜேன் எப்ரெலின் ஓவியத்தை. வீட்டுக்கு ஒட்டடை அடித்த பெண். 1793-இல், 87 வயதில் வரையப்பட்டவர்.

அவரை வரையச் சொன்னது அவருடைய முதலாளியே. மாளிகைக்குச் சொந்தக்காரர்களான யார்க் குடும்பத்தார் தங்களிடம் வேலை செய்த கொல்லர், தச்சர், தோட்டக்காரர் என்று பலரை ஓவியமாக்கி, ஒவ்வொருவரைப் பற்றியும் பாட்டெழுதி, பணியாளர் கூடத்துச் சுவரில் மாட்டிவைத்தார்கள். இப்படி வேறெந்த மாளிகையிலும் நான் கண்டதில்லை.

எங்கள் வேலையும் ஏறக்குறைய ஜேன் செய்ததுதான். மென்மயிர்த் தூரிகையால் தூசியை மெல்லத் தள்ளி வேக்குவம் குழாயின் வாய்க்குள் விழவைக்க வேண்டும். குழாய் பொருளின் மேல் படவே கூடாது. தூசியைவிடப் பொல்லாதது வெளிச்சம். 1720-ஆம் ஆண்டுக் கட்டிலின் சீனப் பட்டு ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். அதனால் வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளியை அளக்கும் அலகு) தாண்டாத அளவுக்குத் திரையை இறக்கி வைப்போம். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு அலுத்ததே இல்லை.

அடியில் பெர்ஷாம் சுரங்கம் நிலக்கரி தோண்டியதில் மாளிகை 5 அடி வரை இறங்கிவிட்டது. கடைசி யார்க், பிலிப், மின்சாரமில்லாமல், ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தார். ஆனால் எதையும் தூக்கி எறியவில்லை. 1973-இல் மாளிகையை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். 1977-இல் மக்களுக்குத் திறந்தபோது, பார்வையாளர்களை முன்வாசல் வழியாக விடாமல் தச்சுப் பட்டறை, லாயம், சமையலறைப் பக்கமாக உள்ளே அழைத்தார்கள். உழைத்தவர்களைப் பார்த்த பிறகே பட்டுக் கட்டிலைப் பார்க்கலாம். எவ்வளவு சரியான முடிவு!

வெளியே பூங்காவை 1768 முதல் வில்லியம் எம்ஸ் என்ற தோட்ட வடிவமைப்பாளர் திருத்தி அமைத்தார். நேர்கோட்டுத் தோட்டங்களை அழித்துப் புல்வெளியாக்குவது அன்றைய மோகம். எர்டிக்கில் மதிலுக்குள் இருந்த பழைய தோட்டமும் கால்வாயும் தப்பின. பின்னாளில் 1740-ஆம் ஆண்டு அச்சுப்படத்தை வைத்து அதைச் சீரமைத்தார்கள். எம்ஸ் ஓடையில் கட்டிய அருவிக்குக் 'கோப்பையும் தட்டும்' என்று பெயர். அகன்ற வட்டத் தொட்டியில் பரவும் நீர் நடுத்துளைக்குள் சுற்றிலுமிருந்து விழுந்து, அடிச்சுரங்கம் வழியாகச் சற்றுத் தள்ளி வெளிவருகிறது. அழகுக்காக மட்டுமல்ல, ஓடையின் வேகத்தை அடக்கவும்தான். மாளிகைக்கு மட்டும் நேரம் ஒதுக்கி வருபவர்களிடம், ஓர் அறையை விட்டாலும் பரவாயில்லை, ஓடைக்குப் போய்விட்டு வாருங்கள் என்பேன்.